சந்தையும் மலையும்: தராசு யார் கையில்?

(ஜமுனாமரத்தூரில் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'வணிகத்தின் மூலம் வறுமை ஒழிப்பு'. தலைப்பு பெருசு. இது எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாத்துடுவோம். 1968இல் டில்லியில் ஐ.நா.வின் வணிக வளர்ச்சி மாநாடு கூடியபோதே, 'உதவி வேண்டாம், வணிகம் வேண்டும்' என்ற குரல் ஏழை நாடுகளின் பக்கமிருந்து கேட்டது. அது நியாயமான குரல். நம்ம பருத்தியையும் தோலையும் மலிவா வாங்கிக்கிட்டுப்போய், அதையே துணியாகவும் பூட்ஸாகவும் நம்மகிட்ட விற்கிற நாடுகளைப் பார்த்துக் கேட்ட குரல். இன்றைக்கு அதே பேச்சு வேற வாயிலிருந்து வருது. உலக வங்கி பேசுது, கம்பெனிக்காரன் பேசுறான், தொண்டு நிறுவனங்கள் பேசுகின்றன. 'ஏழையைச் சந்தையோடு இணையுங்கள், வறுமை தானாகப் போய்விடும்' என்கிறார்கள்.

ஜவ்வாது மலையில் நின்றுகொண்டு இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு கேள்வி வருகிறது. இந்த மலை எப்போது சந்தையோடு இணையாமல் இருந்தது? சந்தனம் இறங்கியிருக்கிறது, கடுக்காய் இறங்கியிருக்கிறது. புளி, தேன், நெல்லி, சீத்தாப்பழம், பலா, சாமை எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கியிருக்கின்றன. திருப்பத்தூரிலே அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கு இருந்ததே, அது எந்த மலையின் வாசனை? இத்தனை சரக்கு விற்ற மலை ஏன் இன்னும் ஏழை மலை? சந்தை இல்லாததால் வந்த வறுமை என்று சொல்கிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம். இங்க இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும், காட்டுல கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டினது. அந்த மூட்டை எங்க போச்சு? கீழே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை டேனரிகளுக்குப் போச்சு. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாறில் பதனிட்டு, கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். தோலுக்கு நல்ல நிறம் வரும். அப்படிப் பதனிட்ட தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் வரைக்கும் போன சரக்கு அது. ஆக, மலையிலே ஆதிவாசி பொறுக்கின காயும், அடிவாரச் சேரியிலே தலித் கழுவின தோலும் ஒரே தொட்டியிலே சேர்ந்து சீமைக்குப் போயிருக்குது. உலகச் சந்தை என்பது நமக்குப் புதுசா யாரும் காட்ட வேண்டிய அதிசயம் இல்லை.

நான் பாலாற்றங்கரைச் சேரியில் பிறந்தவன். என் அப்பா ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அவருடைய கால் விரல்களில் நகம் ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரை செய்த பிறகு, பச்சைத் தோலாகவும் அரைகுறையாகப் பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. முழுசாக்கிய தோலாக, செருப்பாக, பையாக அனுப்பினால் நாட்டுக்கு அதிக டாலர் வரும் என்பது கணக்கு. டாலர் வந்தது உண்மைதான். அப்பா கடைசிவரை தினக்கூலியாகவே இருந்தார். மாஸ்டரும் மேஸ்திரியும் கணக்கப்பிள்ளையும் வேற ஆளுங்க, தொட்டிக்குள்ள இறங்கினது நம்ம ஆளுங்க. குரோம் முறை பரவியபோது கடுக்காய்க்குத் தேவை குறைந்து மலைக்காரனுக்கு நட்டம், பாலாறு கெட்டுச் சேரிக்காரனுக்கு நட்டம். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அளவுக்கு ஆறு போன பிறகு வந்த தீர்ப்பு.

இதை ஏன் சொல்றேன்னா, 'மதிப்புக் கூட்டுதல்'னு ஒரு வார்த்தை இப்ப எல்லார் வாயிலயும் இருக்கு. சரக்குக்கு மதிப்புக் கூட்டினால் உழைக்கிறவனுக்கும் மதிப்புக் கூடும் என்று நம்பச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் சரக்குக்குக் கூடியது. உழைப்பவர் கையில் தொட்டியும் இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை என்பதால் கூடிய மதிப்பு வேறு வீட்டுக்குப் போனது.

இனி மரத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காட்டை 'ரிசர்வ்' ஆக்கியது. அதுவரை காட்டில் இருந்தவன் அதற்குப் பிறகு காட்டில் நுழைந்தவன் ஆனான். சந்தனம் பட்டா நிலத்தில் முளைத்தால்கூட ஆதிவாசி தன்னிஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாது. புளிக்கும் கடுக்காய்க்கும் வனத்துறை ஏலம் விடும், காண்ட்ராக்டர் எடுப்பார், தாத்தன் காலத்திலிருந்து அந்த மரத்தடியில் வாழ்ந்தவர்கள் அதே மரத்தின் காயைக் கூலிக்குப் பொறுக்குவார்கள். மரத்துக்குச் சொந்தம் இல்லாதவன் வியாபாரி ஆக முடியாது, கூலிதான் ஆக முடியும். சட்டமே அவனைக் கூலியாக்கி வைத்துவிட்டு, அப்புறம் 'இவர்களுக்குத் தொழில் முனைவு தெரியவில்லை' என்று பயிற்சி முகாம் நடத்துகிறது.

அந்தக் கூலிக்கு என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த மக்களும் உங்களைப் போல மலையாளிப் பழங்குடிகள்தான். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊர் மக்கள் விடாமல் நின்றதால் கிடைத்த நீதி, 31 வருடம் பிடித்த நீதி. சந்தனத்தை வாங்கி விற்று மாடி கட்டியவன் எவனும் அந்த ஊரில் குடியிருக்கவில்லை.

இரண்டாவது சாட்சி உங்கள் ஊர்களிலேயே இருக்கிறது. 2015 ஏப்ரல் 7. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அதில் உண்டு. செம்மரம் உலகத்திலேயே நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. சீனாவிலே அதற்குப் பெரிய கிராக்கி. பணக்காரன் வீட்டு நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அந்தச் சிவப்பு வேணும். அங்க இருக்கிற கிராக்கி துறைமுகத்துக்கு வந்து, கடத்தல் முதலாளிக்கு வந்து, ஏஜெண்டுக்கு வந்து, கடைசியாக மலையூருக்கு ஒரு வேனாக வந்து நிற்கிறது. முன்பணம் கையில் கொடுத்து ஏத்திக்கிட்டுப் போறான். 'மலையை உலகச் சந்தையோடு இணைக்க வேண்டும்' என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அய்யா, இணைப்பு ஏற்கெனவே இருக்கு. ஒரு முனையில் நாற்காலி, மறு முனையில் பிணம். நடுவில் இருப்பவன் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் பெரும்பாலும் வருவதில்லை.

'அது கள்ளக் கடத்தல், நாங்கள் பேசுவது நல்ல வணிகம்' என்று ஒரு நண்பர் சொல்லலாம். சரி, நல்ல வணிகத்துக்கே வருவோம். சாமையைப் பார்ப்போம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆடி மாசம் விதைக்கும்போது கையில் காசில்லை. வியாபாரி 3,000 ரூபாய் கொடுக்கிறார். 'கார்த்திகையில் அறுத்ததும் 100 கிலோ சாமை கொடுத்துடு' என்கிறார். அதாவது கிலோ 30 ரூபாய். அறுவடையின்போது விலை 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 கிலோவின் மதிப்பு 4,500. ஆக 3,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் 1,500 ரூபாய் கூடுதல். மாசம் நூத்துக்குப் பத்து. பத்து வட்டி! கந்துவட்டின்னு இதை யாரும் சொல்றதில்லை. 'விலை பேசி வாங்கினேன்' என்றுதான் சொல்வார்கள். புளிக்கும் இதே கதை. மரம் பூவில் நிற்கும்போதே விலை பேசி முடித்துவிடுவார்கள். காய்க்கிறது எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே மரம் கைமாறிவிடும்.

கணக்கு இதோடு முடியவில்லை. அந்த 100 கிலோ சாமையை உமி நீக்கினால் பேச்சுக்கு 60 கிலோ அரிசி. பட்டணத்துக் கடையில் கிலோ 100 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். விளைவித்த குடும்பத்துக்குப் பாதி. மீதிப் பாதி வண்டிக்கும் ஆலைக்கும் பொட்டலத்துக்கும் கடைக்கும். நம்ம பக்கத்துச் சிறுதானியம் உமி நீக்குவதற்கு மகாராஷ்டிரத்து நாசிக் ஆலைகள் வரைக்கும் போய் வந்த காலம் உண்டு. சாமையின் உமி கெட்டியானது. அதை உரலில் போட்டுக் குத்தியது யார்? இங்க உக்காந்திருக்கிற அம்மாமார்கள். விடியற்காலையில் உலக்கை பிடித்துக் கை காய்த்துப்போன அந்த உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் விலை கிடையாது. 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி கிடைத்தபோது சாமை வீட்டு அடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியதென்றால், அதில் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலக்கையிலிருந்து கிடைத்த விடுதலை அது. இப்ப டாக்டர்கள் சர்க்கரை வியாதிக்குச் சாமை சாப்பிடச் சொல்றாங்க. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்துக் கொண்டாடியது. விளைவித்தவர்கள் ரேஷன் அரிசி சாப்பிட, பட்டணத்தார் சாமைப் பொங்கல் சாப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நமக்குள்ளே ஒரு விஷயம் பேச வேண்டும். சந்தைக்குச் சாதி இல்லை, காசுக்கு ஜாதி தெரியாது என்று ஒரு வாதம் உண்டு. அம்பேத்கர் வாழ்க்கையே இதற்குப் பதில். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் 1917இல் பம்பாய் திரும்பிய பிறகு, முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் சிறு தொழில் ஒன்றை அவர் தொடங்கிப் பார்த்தார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து வந்தவர். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். அந்த அறிவுக்கே சந்தையில் இடமில்லை என்றால், சேரியில் ஒருவர் இட்லிக் கடை வைத்தால் ஊர்த்தெரு வந்து சாப்பிடுமா? மாடு வளர்த்தால் பாலை வாங்குவார்களா? 'சாதி ஒழிப்பு' நூலில் சக்வாரா என்ற ஊரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தலித்துகள் தங்கள் காசில் தங்கள் விருந்தில் நெய் பரிமாறியதற்காக அடிக்கப்பட்டார்கள். விற்கும் உரிமையை மட்டும் சாதி தடுக்கவில்லை, வாங்கித் தின்னும் உரிமையையும் தடுத்தது. ஆகவே வறுமை என்பது காசில்லாத நிலை மட்டும் என்று நாம் சுருக்கிவிட முடியாது. சந்தைக்குள் யார் எந்த வாசல் வழியாக நுழையலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதற்குப் பெயர்தான் நம்ம ஊரில் வறுமை.

அதனாலேயே தலித் வணிகம் என்ற பேச்சை நான் கேலி செய்யவில்லை. 2002 சனவரியில் போபால் பிரகடனம் அரசாங்கக் கொள்முதலில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் பங்கு கேட்டது. 2005இல் பூனாவில் தலித் தொழில் வணிகச் சபை தொடங்கப்பட்டது. 2012இல் மத்திய அரசின் கொள்முதலில் 4 விழுக்காடு தலித், பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று ஆணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் பல ஆண்டுகளில் அந்த 4 விழுக்காட்டுக்குக் கிட்டே கூடப் போகவில்லை. கேட்க ஆளில்லாத உரிமை காகிதத்திலேயே காய்ந்துபோகும். சில பேர் முதலாளியாவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு மலைக்கும் ஒரு சேரிக்கும் அது விடையாகாது.

வெளியுலகில் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத் 2004இல் ஒரு புத்தகம் எழுதினார். பிரமிடின் அடியில் இருக்கிற ஏழைகளை வாடிக்கையாளர்களாகப் பாருங்கள், அங்கே செல்வம் இருக்கிறது என்றார். கம்பெனிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போன புத்தகம். மலையூர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற ஷாம்புச் சரத்தைப் பாருங்கள். மேலே ஷாம்பு ஏறுகிறது, கீழே புளி இறங்குகிறது. இரண்டு விலையையும் நாம் வைப்பதில்லை. அடுத்தது சிறுகடன். வங்கதேசத்தில் யூனுஸ் தொடங்கியது, 2006இல் நோபல் பரிசு பெற்றது. நம்ம தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின. பெண்கள் கூடிப் பேச ஒரு இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் கடனையே தொழிலாக்கிய கம்பெனிகள் புகுந்த ஆந்திராவில், 2010இல் தற்கொலைகள் நடந்து அரசாங்கம் அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. விற்கிற இடத்தில் பலமில்லாதவனுக்குக் கடன் கொடுத்தால் அவன் இன்னும் வேகமாக விற்றாக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, நியாய வணிகம். 1988இல் மெக்சிகோவின் ஒவாஹாகா மலையில் காபி விளைவிக்கும் பழங்குடி மக்களின் கூட்டுறவும் நெதர்லாந்து நண்பர்களும் சேர்ந்து ஒரு முத்திரையை உருவாக்கினார்கள். சந்தை விலை விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்க மாட்டோம் என்ற அடிப்படை விலை அதன் உயிர். இதை நான் மதிக்கிறேன். காரணம், அந்த மக்கள் முத்திரைக்கு முன்பே சங்கமாகியிருந்தார்கள். இடைத்தரகனை விலக்கிவிட்டுத் தாங்களே காபியை இறக்கியவர்கள். முத்திரை அவர்களுக்குப் பின்னால் வந்தது.

எங்கெல்லாம் வணிகம் உண்மையில் வறுமையைக் குறைத்ததோ அங்கெல்லாம் இந்த வரிசையைப் பார்க்கலாம். குஜராத் கேடா மாவட்டத்தில் 1946இல் பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏகபோகம் போல்சன் கம்பெனியிடம் இருந்தது. விவசாயிகள் 15 நாள் ஒரு சொட்டுப் பால் ஊற்றவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்ததுதான் பின்னாளில் அமுல். எல்லோரும் அமுல் வெண்ணெயைப் புகழ்வார்கள், வேலைநிறுத்தத்தைச் சொல்ல மாட்டார்கள். மாடும் புல்லும் இருந்த சாதிகளுக்கு அதில் கிடைத்த பலன் நிலமற்ற தலித்துக்கு அதே அளவில் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிரம் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு பழங்குடி ஊர். வன உரிமைச் சட்டத்தின் கீழ் காட்டின் மீது சமூக உரிமை பெற்ற முதல் ஊர்களில் ஒன்று. உரிமைப் பத்திரம் கையில் இருந்தும் மூங்கிலை வெளியே கொண்டுபோக வனத்துறை விடவில்லை. அவர்கள் விட்டார்களா? 2011இல் மத்திய அமைச்சரே நேரில் வந்து, மூங்கில் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை கிராம சபையிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு விலையைச் சபை வைத்தது, ஏலத்தைச் சபை நடத்தியது. கூலியாக இருந்த ஊர் சரக்குக்குச் சொந்தக்காரனாக மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தது. மூங்கில் அதே மூங்கில்தான், தோழர்களே. சீட்டுப் புத்தகம் கைமாறியது.

ஒடிசாவில் இன்னொரு வழி. 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தில் பழங்குடி விவசாயிகளின் கேழ்வரகை ஆதரவு விலைக்கு அரசாங்கமே வாங்கியது. ரேஷனில் கொடுத்தார்கள், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள். விளைந்தது விளைவித்தவர் பிள்ளையின் வயிற்றுக்கும் போனது, விலையும் கிடைத்தது.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். நாம் கேட்க வேண்டியது என்ன, செய்ய வேண்டியது என்ன?

முதலாவது மரம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் புளி, தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்க மட்டும் அனுமதிக்கவில்லை. அவற்றுக்கு நீங்கள் சொந்தக்காரர்கள் என்கிறது, விற்கும் உரிமை உண்டு என்கிறது. 2012இல் திருத்திய விதிகள், கொண்டுசெல்லும் சீட்டைக் கிராம சபையின் குழுவே கொடுக்கலாம் என்கின்றன. தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடு 2016இல்தான் நீங்கியது. எட்டு வருடம் போச்சு. இனியும் தனித்தனிப் பட்டாவுக்கு மட்டும் மனுப் போடாதீர்கள். ஊர் ஊராகச் சமூக உரிமைக்கு மனுப் போடுங்கள். எந்த மரம், எந்த ஓடை, எந்த மேய்ச்சல் என்று வரைபடம் போடுங்கள். சந்தனமும் செம்மரமும் இந்தச் சட்டத்தில் வராது, புளியும் கடுக்காயும் வரும்.

இரண்டாவது முன்பணம். ஆடி மாசத்தில் 3,000 ரூபாய்க்கு வேறு வழி இல்லாதவரை எந்த ஆதரவு விலையும் உங்களைக் காப்பாற்றாது. லேம்ப் சங்கம் என்று 1970களில் மலைமக்களுக்காகவே கூட்டுறவு ஏற்படுத்தினார்கள். கடன் கொடுக்கவும், உங்கள் சரக்கை வாங்கவும்தான் அது. உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கா பாருங்க. கணக்கைக் கேளுங்க. அது அதிகாரியின் ஆபீஸ் இல்லை, உங்க சங்கம். 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனிக்கு வழி செய்தார்கள். உற்பத்தி செய்பவர் மட்டுமே பங்குதாரர், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இந்த மலையிலும் பழங்குடி விவசாயிகள் அப்படியொரு கம்பெனி நடத்துகிறார்கள். அதில் சேருங்கள். சேர்ந்து, அது நாலு பேர் கம்பெனியாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆலை. உமி நீக்கும் எந்திரம் மலைமேல், பெண்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். உலக்கைக்குத் திரும்பச் சொல்லிப் பெண்களிடம் கேட்பது அநியாயம். எந்திரம் இருந்தால் சாமை வீட்டுக்கும் ஆகும், விற்கவும் ஆகும்.

நான்காவது விலை. மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன, சாமை இல்லை. சத்தீஸ்கர் அரசு 2021இல் வரகுக்கும் சாமைக்கும் தானே விலை அறிவித்து வாங்கியது. தமிழ்நாட்டில் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சாமைக்கும் விலை அறிவி, வாங்கு, மலையிலிருக்கிற பழங்குடிப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் விடுதிகளிலும் போடு என்று நாம் கேட்க வேண்டும். புளி, தேன், கடுக்காய்க்கு 2013இல் மத்திய அரசு ஆதரவு விலைத் திட்டம் கொண்டுவந்தபோது அட்டவணைப் பகுதி உள்ள மாநிலங்களுக்கு மட்டும் கொடுத்தது. தமிழ்நாட்டில் அய்ந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. அதனால் நாம் விடுபட்டோம். 2016இல் எல்லா மாநிலங்களுக்கும் விரித்தார்கள். திட்டம் காகிதத்தில் மலையேறிவிட்டது, வாங்கும் தராசு ஒவ்வொரு ஊருக்கும் ஏற வேண்டும். ஜவ்வாது மலையை அட்டவணைப் பகுதியாக்கு என்ற கோரிக்கையையும் விடக்கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த வருசம் ஆளுக்கு ஒரு ஊர் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எவ்வளவு முன்பணம், எந்த மாசம் வாங்கினது, என்ன படியில் அளந்தான், என்ன விலை போட்டான், அன்றைக்குக் கீழே போளூரிலும் திருப்பத்தூரிலும் என்ன விலை என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையைவிட அந்த நோட்டுக்கு வியாபாரி பயப்படுவார். ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி ஊர் நடுவில் வையுங்கள். விற்கிறவர் முதலில் அதில் நிறுத்திவிட்டு அப்புறம் வியாபாரியிடம் போகட்டும்.

கடைசியாக, கசப்பானாலும் ஒன்று. மலையிலே நம்ம சனங்க தங்களைக் கவுண்டர்னு சொல்லிக்கிறாங்க. கீழேயிருந்து வருகிற தலித்தைத் தள்ளி நிறுத்திப் பார்க்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கு. சேரியிலேயும் 'மலைக்காரன்' என்று இளக்காரமாகப் பேசுகிற வாய் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வியாபாரியை எதிர்க்க முடியாது. காட்டோரத்தில் தலைமுறையாக வாழ்கிற தலித்துகளுக்கும் வன உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் அங்கே இருந்ததற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை யார் சொல்ல முடியும்? பக்கத்து மலையூர்ப் பெரியவர்தான் சொல்ல முடியும். அதேபோல உங்கள் சாமையும் புளியும் இறங்குகிற இடத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எங்கள் ஆட்கள். எந்தக் கடையில் என்ன விலை, எந்தத் தராசில் எத்தனை கிராம் ஏமாற்று என்று அவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு நோட்டு, கீழே ஒரு நோட்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஒரு சங்கம். அதைக் கட்டுவதற்கு யாருடைய நிதியும் தேவையில்லை. அடுத்த புளி அறுப்புக்கு முன்னால் எந்தெந்த ஊரில் தொடங்குவது என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் பேசி முடிவு செய்வோம்.

ஜெய்பீம்.